கேமரா அப்புறம், பதிவேடு முதலில்

கேள்வி: வரலாற்றில் முதுகலை முடித்திருக்கிறேன். வரலாற்று ஆவணப்பட இயக்குநராக வேண்டும் என்று ஆசை. சேமிப்பைப் போட்டு நல்ல கேமரா வாங்கித் தொடங்கிவிடலாமா?

பதில்: கேமரா கொஞ்சம் பொறுக்கட்டும். முதல் படம் எடுப்பவர்கள் படப்பிடிப்பில் மாட்டிக்கொள்வதைவிட, எடிட்டிங் எல்லாம் முடிந்து “இந்தப் புகைப்படம் யாருடையது?” என்று தொலைக்காட்சிக்காரர் கேட்கும்போது மாட்டிக்கொள்வதுதான் அதிகம்.

அதனால் முதல் நாளே ஒரு எக்ஸெல் கோப்பைத் திறந்துவிடுங்கள். படத்தில் வரும் ஒவ்வொரு பழைய புகைப்படத்துக்கும் காட்சித் துண்டுக்கும் ஒரு வரி: கிடைத்த இடம், காப்பகத்தின் குறியீட்டு எண், எடுத்தவர், ஆண்டு, உரிமை யாரிடம், எத்தனை விநாடி வருகிறது. பிரதியை வைத்திருப்பவர் ஒருவர், பதிப்புரிமை உள்ளவர் வேறொருவர் என்பது சாதாரணம். ஆல்பத்தைத் தந்த பேரனின் சம்மதம் மட்டும் போதாது. திரைப்பட விழாக்களுக்கு மட்டும் என்று மலிவாக உரிமம் வாங்கினால், ஓடிடிக்குப் போகும்போது மறுபடி பணம் கட்ட நேரும். அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்கேனிங். 6 அங்குல அகலப் புகைப்படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 3600 பிக்சல். 4கே திரையின் அகலமோ 3840. முழுப் படத்தைக் காட்டவே பற்றாது. கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு முகத்தை நோக்கி நெருங்கினால் அது கரைந்துபோகும். 1200-இல் எடுத்தால் 7200 பிக்சல், ஏறக்குறைய பாதி அகலம்வரை நெருங்கலாம். நெகட்டிவ் கிடைத்தால் பிரிண்டை விட்டுவிட்டு அதையே ஸ்கேன் செய்யுங்கள்.

மௌனப்படக் காலத்தில் விநாடிக்கு 16 பிரேமில் எடுத்ததை 24-இல் ஓட்டினால் சவ ஊர்வலம்கூட ஓட்டப்பந்தயம் ஆகிவிடும், வேகத்தைச் சரிசெய்யுங்கள். பழைய 4:3 விகிதக் காட்சியை இன்றைய அகலத்திரையின் 16:9-க்கு இழுக்கவும் வேண்டாம், ஆட்கள் குண்டாகிவிடுவார்கள். பக்கங்களில் கருப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வருமானத்துக்கு உங்கள் முதுகலைதான் கைகொடுக்கும். பிறர் எடுக்கும் படங்களுக்குக் காப்பகத்தில் தேடித் தரும் ஆய்வாளர் வேலையைக் கேளுங்கள். சம்பளத்தோடு உரிமம் பேசும் விதமும் பிடிபடும். கூடவே 10 புகைப்படங்கள், ஒரே ஒருவரின் நேர்காணல் என்று 5 நிமிடப் படம் ஒன்று செய்துபாருங்கள். நேர்காணல் முடிந்ததும் யாரும் பேசாமல் அறையின் வெறும் ஓசையை 30 விநாடி பதிந்துகொள்ளுங்கள், வெட்டிய இடங்களை மறைக்க அது வேண்டும். சம்மதப் படிவத்தில் கையெழுத்தை, அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் வாங்கிவிடுங்கள்.