இயற்பியல் செய்திகளில் அடிக்கடி வரும் '5 சிக்மா' என்றால் என்ன?

அளவீடு எதுவானாலும் எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும். கிடைத்த முடிவு அந்த வழக்கமான ஏற்ற இறக்கத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதைச் சொல்லும் அளவுதான் சிக்மா. 5 சிக்மா என்றால், புதுத் துகள் எதுவும் இல்லாமலே அவ்வளவு பெரிய விலகல் தற்செயலாக வர சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். நாணயத்தைச் சுண்டினால் தொடர்ந்து 22 முறை தலையே விழுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

புதுத் துகளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவிக்க இந்த 5 சிக்மாவைத்தான் எதிர்பார்க்கிறார்கள். சரி, ஏன் இவ்வளவு கறார்? துகள் இயற்பியலில் ஒரே சமயத்தில் எத்தனையோ இடங்களில் தேடுகிறார்கள். அவ்வளவு தேடினால் தரவு வரைபடத்தில் எங்காவது புதுத் துகள் போலத் தோன்றும் ஒரு பொய் மேடு தலைகாட்டத்தான் செய்யும். 2015 டிசம்பரில் செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் இரண்டுமே 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் (துகளின் நிறையைச் சொல்லப் பயன்படும் ஆற்றல் அலகு) அருகே ஒரு மேட்டைக் காட்டின. 5 சிக்மாவைத் தொடவில்லை. ஆனாலும் அதை விளக்க நூற்றுக்கணக்கான கட்டுரைகள் குவிந்தன! 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு கரைந்துபோனது. இதே இரு குழுக்களும் 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது, தனித்தனியாகவே ஏறத்தாழ 5 சிக்மாவை எட்டியிருந்தன. அந்த அறிவிப்பு நிலைத்தது.

5 சிக்மா வந்தாலே கண்டுபிடிப்பு உறுதி என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல: 2011இல் நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை முந்தியதாக ஓபெரா என்ற ஆய்வுக் குழு சொன்ன முடிவு 6 சிக்மா, அதற்கு முக்கியக் காரணம் சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழைக் கேபிள், கருவிப் பிழையை சிக்மா பிடிக்காது.