மீன் தொட்டியும் ஆறாத கட்டியும்

கேள்வி: கொளத்தூரில் வாங்கிய இரண்டடி மீன் தொட்டியை என் கணவர்தான் வெறுங்கையால் கழுவுவார். கல்லில் சிராய்த்த விரலில் சிவப்பாக ஒரு கட்டி வந்து, ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. களிம்பும் கேட்கவில்லை. கடையில் சொன்னால், "இதைத் தண்ணியில ஊத்துங்க, எல்லாக் கிருமியும் செத்துடும்" என்று ஒரு பாட்டிலை நீட்டுகிறார்கள். வாங்கலாமா? - வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம். அந்தக் காசைத் தோல் மருத்துவருக்குக் கொடுங்கள்.

பார்க்காமல் இன்னதென்று சொல்ல முடியாது. ஆனால் மீன் தொட்டித் தண்ணீரில் மைக்கோபாக்டீரியம் மெரினம் என்ற கிருமி இருக்கக்கூடும். காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன். 1926-ல் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்து மீன்களில் கண்டறியப்பட்டது. 30 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் நன்றாக வளரும், உடம்பின் உட்சூடு அதற்கு ஒத்துவராது. அதனால்தான் விரல், புறங்கை என்று பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. சிராய்ப்பு வழியாக நுழைந்தாலும் கட்டி தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில். அதற்குள் காயமே மறந்து போயிருக்கும். சிலருக்குக் கட்டிகள் முழங்கையை நோக்கி வரிசையாக ஏறும்.

மருத்துவர் கேட்காவிட்டாலும், "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இது முக்கியம். சதை எடுத்துச் சோதித்தால், ஆய்வகத்தில் அதை 30 டிகிரியிலும் வளர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கமான 37-ல் மட்டும் வைத்தால் தப்பிவிடலாம். இந்தக் கிருமிதான் என்றால் மாத்திரை மாதக்கணக்கில் ஓடும், பாதியில் நிறுத்தக் கூடாது. ஆளுக்கு ஆள் தொற்றாது, பயம் வேண்டாம்.

சரி, பாட்டில் விஷயம். இந்தக் கிருமிக்கு மெழுகு மாதிரி ஒரு மேலுறை உண்டு, சாமான்யமாகச் சாகாது. கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் படியும் வழவழப்புக்குள் ஒளிந்திருக்கும். "எல்லாக் கிருமியும்" என்பது வியாபாரப் பேச்சு.

வாங்குவதென்றால் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, அப்புறம் கையால் அமுக்கி இழுக்கும் சைஃபன் குழாய். வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! தொட்டியைத் தூக்கி எறியத் தேவையில்லை. காயம் ஆறும்வரை வேறொருவர் கழுவட்டும், கையுறையோடு. ஃபில்டர் பஞ்சை மட்டும் சமையலறை சிங்க்கில் அலசாதீர்கள். எங்கள் வீட்டிலேயே அது ரொம்ப நாள் நடந்தது.