குளிர் ஊரில், சின்னக் காம்பராவில் இஞ்சி பியர் புளிக்கும் சூட்டை எப்படிச் சீராக வைப்பது?

நீங்கள் கேட்டது இதுதான்: நுவரெலியாப் பக்கம் லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) இஞ்சி பியர் போட்டால் பகலில் நுரைக்கிறது, இரவில் அடங்கிவிடுகிறது, அடைத்த பிறகு போத்தல் வெடிக்கிறது, என்ன செய்யலாம்?

பலர் குளிரைத்தான் குறை சொல்வார்கள். குளிரைவிடக் கெடுதல் ஏற்ற இறக்கம். தகரக் கூரை வெயிலில் காய்ந்து அறையைச் சூடாக்கும். ஜனவரி, பெப்ரவரி விடியலில் வெளியே தேயிலை கருகுமளவுக்குப் பனி விழும். 15 பாகைக்குக் கீழே பாண் ஈஸ்ட் சோர்ந்து அடியில் படிந்துவிடும். குமிழ் நின்றதைப் பார்த்து, புளித்து முடிந்தது என்று மூடியை இறுக்குவோம். சீனி அப்படியே கிடக்கும். அடுத்த வெயிலில் ஈஸ்ட் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

லீற்றருக்கு 4 கிராம் சீனி புளித்தாலே, பானம் எவ்வளவோ அவ்வளவு கன அளவு வாயு வரும். கடைச் சோடாவில் இருப்பது 3 முதல் 4 மடங்கு. நாம் போடுவதோ லீற்றருக்கு 100 கிராம்; முழுவதும் புளித்தால் 25 மடங்கு. கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். கழுவிய பிளாஸ்டிக் சோடாப் போத்தலே போதும்.

சூட்டைப் பிடித்துவைக்க மலிவான வழி தண்ணீர். 5 லீற்றர் பானம் உள்ள வாளியைப் பெரிய பேசினில் வைத்து, சுற்றிலும் 8 லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். பானம் நிற்கும் உயரத்துக்கு வெளித் தண்ணீரும் நிற்க வேண்டும். அடியில் ரெஜிபோம் (பொதிகளில் வரும் வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பலகை, மேலே பழைய கம்பளி. இலக்கு 22 முதல் 25 பாகை. படுக்கப் போகும்போது 60 பாகைச் சுடுதண்ணீர் நிரப்பிய ஒரு லீற்றர் போத்தலைப் பேசினில் அமிழ்த்தினால் மொத்தமும் ஏறத்தாழ 3 பாகை ஏறும். கொதிநீரை அப்படியே ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் சுருங்கிவிடும். அடுப்படியில் வைப்பதும் சரிவராது: ஒரு பக்கம் மட்டும் 35 தாண்டி, குடிக்கும்போது ஈஸ்ட் வாடை தூக்கும்.

கரண்ட் நம்பகமாக இருந்தால் ரெஜிபோம் பெட்டி, சிறிய வெப்பப் பாய், சூட்டை அளந்து பாயைத் தானே போட்டு அணைக்கும் எஸ்டிசி-1000 போன்ற கட்டுப்பாட்டுக் கருவி. கருவியின் உணரியைக் காற்றில் தொங்கவிட்டால் பெட்டி மூடியைத் திறக்கும்போதெல்லாம் பாய் வீணாகச் சூடேறத் தொடங்கும். வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பொஞ்ச் வைத்து டேப் சுற்றுங்கள். அப்போதுதான் அது பானத்தின் சூட்டைச் சொல்லும். பெட்டிக்குள் குண்டு பல்பு போடுகிறவர்களும் உண்டு. ரெஜிபோம் உருகும், தீயும் பிடிக்கும், நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அளவு: 5 லீற்றர் தண்ணீர், 250 கிராம் இடித்த இஞ்சி, 500 கிராம் சீனி, 3 கராம்பு. கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். (நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும், கிருமி சாக அது தாராளம்.) 30க்குக் கீழே ஆறியதும் வடித்து, 2 தேசிக்காய்ச் சாறும் கால் தேக்கரண்டி உலர் ஈஸ்டும் சேருங்கள். சூடாக இருக்கும்போதே போட்டால் ஈஸ்ட் செத்துவிடும்.

மூடியை இறுக்காமல் 24 மணி நேரம் வைத்து, மேலே 3 சென்ரிமீற்றர் இடம் விட்டுப் போத்தலில் அடையுங்கள். அதன்பின் மணிக்கூடு அல்ல, விரல்தான் அளவு. 6 மணிக்கொரு தடவை அமுக்கிப் பாருங்கள். புதுச் சோடாப் போத்தல் போல விறைத்ததும் பிரிட்ஜுக்குள். குளிரில் ஈஸ்ட் சாகாது, தூங்கும். வெளியே எடுத்து வைத்து மறந்தால் பழைய கதைதான்.

ஒன்று கவனியுங்கள்: லீற்றருக்கு 17 கிராம் சீனி புளித்தால் ஏறத்தாழ 1 சதவீத மதுசாரம் சேரும். நாட்கணக்கில் புளிக்கவிட்டால் அது இஞ்சி பியராக இராது, மதுபானமாகிவிடும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது இலங்கையில் மதுவரிச் சட்டப்படி குற்றம். அதற்காகவும் விறைத்த அன்றே குளிரில் வையுங்கள், ஒரு வாரத்துக்குள் குடித்து முடியுங்கள்.