ராமநாதபுரம் கடற்கரையில் கயாக் ஓட்டி ஸ்நார்க்கலிங் செய்ய முடியுமா? எப்போது, எங்கே போகலாம்?

ஹவாய் மாதிரி எரிமலைக் கரைகளில் வழிகாட்டியோடு கயாக் (சின்னத் துடுப்புப் படகு) ஓட்டிப் போய், நடுவில் இறங்கி ஸ்நார்க்கலிங் (முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்யும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நீச்சல் அரைகுறை, கூட மனைவியும் பத்து வயதுப் பையனும் வருவார்கள், பிப்ரவரி கடைசியில் லீவு என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முடியும், தாராளமாக வாருங்கள். ஆனால் வீடியோவில் பார்த்த கடலை எதிர்பார்த்து வராதீர்கள்.

எனக்கு உச்சிப்புளி பக்கம். எங்கள் ஊரிலிருந்து வடக்கே சைக்கிள் மிதித்தால் ஒரு கடல், தெற்கே மிதித்தால் இன்னொரு கடல். பாடப் புத்தகத்தில் பாக் நீரிணை, மன்னார் வளைகுடா என்று போட்டிருக்கும். எங்களுக்கு வடகடல், தென்கடல். தனுஷ்கோடி பக்கம் போனால் அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், இரைவதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். (இந்தப் பேச்சை எங்கள் வீட்டில் எடுத்தால் அம்மா சிரிப்பாள். "எது எப்ப இரையும்னு யாருக்குத் தெரியும்?" என்பாள். அம்மா சொன்னதுதான் சரி என்று பிறகு எனக்குப் புரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.)

அக்கா அமெரிக்காவில் இருக்கும் புண்ணியத்தில் ஒருமுறை ஹவாய் பெரிய தீவுக்கும் போக வாய்த்தது. 1779ல் கேப்டன் குக் கொல்லப்பட்ட கேயலகெகுவா விரிகுடாவில் கயாக் ஓட்டினோம். கறுத்த எரிமலைப் பாறை அப்படியே கடலுக்குள் இறங்குகிறது. நாலு துடுப்பு போட்டதும் அடியில் நீலம்தான். சேற்றை அள்ளிக்கொண்டு வர அங்கே பெரிய ஆறு கிடையாது, அதனால் தண்ணீர் கண்ணாடி. பாறை மேலே பவளம், அதைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக மீன். அங்கேயும் இஷ்டத்துக்குப் போய்விட முடியாது, கயாக் என்றால் அனுமதி வேண்டும்.

நம் கரையில் எரிமலைப் பாறை மருந்துக்கும் இல்லை. எரிமலைதான் பார்க்க வேண்டுமென்றால் அந்தமானில் பாரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் இன்னும் புகைந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான். இங்கே இருப்பது மணல், சுண்ணாம்புப் பாறை, பவளம். தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்துபோன தேவாலயம் ஒன்று நிற்கிறது, எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நீங்கள் பூச்சு உதிர்ந்த இடமாகப் பார்த்துச் சுவரோடு முகத்தை ஒட்டிப் பாருங்கள். கல்லில் குண்டூசியால் குத்தியது மாதிரி நட்சத்திரக் குழிகள் வரிசையாக இருக்கும். சில கல்லில் மூளை மடிப்பு மாதிரி வரி வரியாக ஓடும். அத்தனையும் கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளம். தண்ணீரில் இறங்கப் பயப்படும் மாமியாரைக்கூட இந்த ஸ்நார்க்கலிங்குக்குக் கூட்டிப் போகலாம்.

அந்தக் காலத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வண்டி வண்டியாகப் பவளம் போனது. 1986ல் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. பவளம் வெட்டி எடுத்ததையும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். 2001ல் பவளத்தைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. ஆகவே ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டை ஒடித்து எடுத்துக்கொண்டு போனால் கேஸ் ஆகிவிடும். "தீவுல இறக்கி விடுறேன் சார்" என்று கரையில் யாராவது தனியாக வந்து சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். குருசடைத் தீவு பார்க்க வேண்டுமானால் பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறை விடும் படகு இருக்கிறது.

கயாக்குக்கு எங்கே போவது? உங்களைப் போல அரைகுறை நீச்சலுக்குக் காரங்காடுதான். தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் மீனவ ஊர். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஓடும் தண்ணீரில் கயாக் ஓட்டலாம். இரண்டு பக்கமும் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும். காடு முடிந்து கடல் திறக்கும் இடத்தில் தண்ணீர் ஆழமில்லை, அடியில் கடற்புல். பவளம் பார்க்க வேண்டும் என்றால் தெற்கே ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசை. அங்கே கடலுக்கு நடுவில் ஒரு மணல் திட்டு உண்டு. பிரப்பன்வலசையிலும் ராமேஸ்வரம் தீவுக்குள்ளும் கயாக் சொல்லிக்கொடுக்கும் தனியார் ஆட்களும் இருக்கிறார்கள்.

இடத்தைவிட முக்கியம் காற்று.

எங்கள் பக்கம் இரண்டு காற்றுதான் பேச்சு. மழைக்காலம் தொடங்கி மாசி வரைக்கும் வடக்கிலிருந்து வாடை. சித்திரை வைகாசிக்கு மேல் தென்மேற்கிலிருந்து கச்சான். வாடைக்கு வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் படுத்துக் கிடக்கும். கச்சானுக்கு அது அப்படியே மாறும். எந்த மாதம் வந்தாலும் ஏதாவது ஒரு கடல் தட்டையாக இருக்கும், உலகத்தில் எத்தனை ஊருக்கு இந்தக் கொடுப்பினை உண்டு என்று நானும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு தை மாதம், பொங்கல் லீவு. மச்சினனும் நானும் தென்கடல் கரையில் ஓர் இடத்தில் கயாக் வாடகைக்கு எடுத்தோம். வழிகாட்டி என்று காசு வாங்கிய பையன், "அந்தா அந்த மிதவை வரைக்கும் போயிட்டு வந்துருங்க சார்" என்று கையைக் காட்டிவிட்டுக் கரையிலேயே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல இருந்தது. இருநூறு மீட்டர் போனதும் கயாக்கைக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினோம். கீழே பவளப் பார் (பவளப் பாறைத் திட்டு), அதன் இடுக்கில் ஒரு கலவா மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு என்னையே பார்த்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு மிதந்தவன் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று எனக்கே தெரியாது. தலையைத் தூக்கிப் பார்த்தால் கரையில் இருந்த பனைமரங்கள் தீக்குச்சி உயரத்தில் தெரிகின்றன.

நடந்தது இதுதான். வாடை வடக்கிலிருந்து வருகிறது. தென்கடல் கரை தெற்கே பார்த்து இருக்கிறது. அப்படியானால் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது. கரையோரம் அலை எழும்ப இடமில்லாததால் தண்ணீர் தட்டையாகத் தெரிகிறது. கயாக்கும் அதில் கட்டிய ஆளும் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். வெளியே போகப் போக அலை பெரிதாகிறது. திரும்பும்போது அத்தனை காற்றும் முகத்தில். கச்சான் காலத்தில் வடகடலிலும் இதே கதைதான். நம் கரையில் எந்தக் கடல் சாதுவாகக் கிடக்கிறதோ, அந்தக் கடலில்தான் காற்று உங்களைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும்.

முக்கால் மணி நேரம் துடுப்புப் போட்டோம். பனைமரம் பெரிதாகவே இல்லை. நண்டு வலை எடுத்துக்கொண்டு வந்த ஒரு வத்தைக்காரர்தான் (வத்தை என்றால் சின்ன மீன்பிடிப் படகு) கயிறு வீசிக் கட்டி இழுத்து வந்தார். வழியெல்லாம் ஏச்சு. "வாடைக்கு இந்தப் பக்கம் ஒத்தையில எறங்குவானாய்யா எவனாச்சும்?" காசு நீட்டினோம், வாங்கவில்லை. மச்சினன் அதற்குப் பிறகு என் கூட வருவதில்லை.

மறு வருஷம் கீழக்கரைப் பக்கம் முன்பு சங்கு குளித்த பெரியவர் ஒருவரோடு போனேன். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். விடியற்காலம் ஆறு மணிக்கு வரச் சொன்னார். போனதும் துடுப்பைக் கையில் கொடுக்கவில்லை. ஒரு பிடி காய்ந்த மணலை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து உதிர்த்துப் பார்த்தார். அது கடல் பக்கம் சாய்ந்து விழுந்தது. "தண்ணி தெளிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா வாடை முதுகுல கை வச்சிருக்கு. கரைய ஒட்டியே கெழக்க போவோம், காத்து ஏறுனா நடந்தே திரும்பிறலாம்" என்றார். அன்று இடுப்பளவுத் தண்ணீருக்கு அப்பால் நாங்கள் போகவில்லை. நான் பார்த்ததிலேயே அதிக மீன் பார்த்தது அன்றுதான். பாய் எங்கள் கூடவே இன்னொரு கயாக்கில் எப்போதும் கடல் பக்கமாக வந்தார், எங்களுக்கும் ஆழத்துக்கும் நடுவில். அரை மணிக்கு ஒரு தடவை கயாக்கை நிறுத்தி நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டார். ஒன்பதரைக்கெல்லாம் "போதும்" என்றார். பத்து மணிக்குக் காற்று ஏறியது.

வழிகாட்டி நல்லவரா என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி கேளுங்கள்: "இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்ணே?" வாயில் பதில் இல்லாமல் போனை எடுத்துப் பார்க்கிறவரோடு போக வேண்டாம். பாய் மாதிரி உங்களோடு தண்ணீரில் வருகிறாரா, கரையில் உட்காருகிறாரா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஸ்நார்க்கலிங் பற்றிச் சில விஷயம். உங்களுக்கு மீசை இருந்தால் முகமூடிக்குள் தண்ணீர் கசியும், மேல் உதட்டில் மீசைக்கு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். கண்ணாடி உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து அலசினால் ஆவி படியாது, அருவருப்புப்பட்டால் அரை மணி நேரம் புகைமூட்டம்தான் பார்ப்பீர்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள், முதுகு வெந்துவிடும். பவளத்தின் மேல் காலை ஊன்றவே கூடாது. அதற்கும் வலி, உங்களுக்கும் வலி, கிழிந்த இடம் ஆற ரொம்ப நாளாகும். லைஃப் ஜாக்கெட் மூன்று பேருக்கும் கட்டாயம். பையனுக்குப் பெரியவர்கள் அளவைக் கட்டிவிடுவார்கள், தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறினால் வேறு கேளுங்கள். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் வைத்து வாயால் மூச்சுவிடப் பழகட்டும். குழந்தைகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள், நமக்குத்தான் நேரமாகும்.

பார்க்கக் கிடைப்பது: ஓரா, கிளிமீன், வரி போட்ட குட்டி மீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் மணலில் புதைந்து கண்ணை மட்டும் காட்டும் திருக்கை. பவளம் எல்லாம் வண்ண வண்ணமாக இருக்காது, பெரும்பாலும் காவி, பழுப்பு. வெள்ளை வெளேரென்று தெரிந்தால் அழகு என்று நினைக்காதீர்கள், வெயிலில் தண்ணீர் சூடேறி வெளுத்துப்போனது அது. 2010லும் 2016லும் இங்கே நிறைய வெளுத்தது. ஆவுளியாவைப் பார்ப்போமா என்று எல்லோரும் கேட்பார்கள். கடல் பசு என்று பேப்பரில் போடுவது அதைத்தான். எனக்கு இந்த வயது வரை ஒருதரம்கூடத் தட்டுப்படவில்லை.

தென்கடல் கரையில் இன்னொன்று பார்ப்பீர்கள். பழைய சேலைக்கு மேலே சட்டை, கண்ணில் கண்ணாடி, விரலில் துணி சுற்றி, இடுப்பில் சாக்கு கட்டிய பெண்கள் கூட்டமாக மூழ்கி மூழ்கி எழுவார்கள். பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று ரகம் பிரித்து எடுப்பார்கள், அகர் செய்யப் போகும். ஸ்நார்க்கலிங் என்ற வார்த்தை நம் ஊருக்கு வருவதற்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தவர்கள். குழாய்கூடக் கிடையாது, மூச்சுதான். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் குறுக்கே ஓட்டாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பிப்ரவரி கடைசி என்றால் வாடை தளர்ந்துகொண்டிருக்கும், முழுதாக விட்டிருக்காது. லீவை மார்ச் இரண்டாம் வாரத்துக்குத் தள்ள முடிந்தால் இரண்டு கடலும் தெளிவாகக் கிடைக்கும். முடியாவிட்டால் முதல் நாள் காரங்காடு, மூன்று பேரும் துடுப்புப் பழகிக்கொள்ளுங்கள். மறுநாள் விடிகாலை பிச்சைமூப்பன்வலசை. காரங்காட்டில் முதல் நாளே சொல்லி வைத்தால் ஊர்ப் பெண்கள் நண்டும் இறாலும் சமைத்துத் தருவார்கள். கயாக் ஓட்டி முடித்த பிறகு சாப்பிடுங்கள், முன்னால் வேண்டாம். இதுவும் மச்சினன் விஷயத்தில் தெரிந்துகொண்டதுதான்.