விட்டுப்போன தடுப்பூசி: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: பேத்திக்கு 14 மாதம். வேலை தேடி ஊர் ஊராக மாறியதில், ஆறாவது வார பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும்) ஊசியோடு எல்லாம் நின்றுவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். போட்ட ஊசி வீண்போகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வரும் புதன்கிழமையே தடுப்பூசி அட்டையோடு போங்கள். இரண்டாவது பெண்டாவேலன்ட், தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி, போலியோ சொட்டு மருந்து மூன்றையும் அன்றே கொடுக்கலாம். பெண்டாவேலன்ட் தொடையில், தட்டம்மை ஊசி மேற்கையில். ஒரே தொடையில் இரண்டு ஊசி போட நேர்ந்தால் இடையில் 2.5 செ.மீ. இருக்க வேண்டும். 4 வாரம் கழித்து மூன்றாவது பெண்டாவேலன்ட், அதிலிருந்து 6 மாதம் தள்ளி முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர். தட்டம்மையின் இரண்டாவது ஊசி 16 மாதம் முடிந்ததும். லேசான சளி, எடைக்குறைவு இதற்கெல்லாம் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: தட்டம்மை ஊசிக்குப் போனோம். "ஒரு குழந்தைக்காக பாட்டிலை உடைக்க முடியாது, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. ஆனால் செவிலியரின் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த மருந்து தூளாக வரும். ஒரு பாட்டிலில் 5 அல்லது 10 டோஸ். கரைப்பான் கலந்துவிட்டால் இங்கே 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கெடாமல் காக்கும் பொருள் இதில் சேர்ப்பதில்லை. நேரம் கடந்த பாட்டிலில் கிருமி வளர்ந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. திறந்த பெண்டாவேலன்ட் பாட்டிலை முறையாகக் குளிரில் வைத்து 28 நாள் வரை பயன்படுத்தலாம், இதை முடியாது. ஆகவே வீணாகும் கணக்குக்கு யார் பதில் சொல்வது என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது மேலதிகாரிகள்தான். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் பாட்டிலைத் திறக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்பது டோஸ் வீணானால் வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாய் மறுபடியும் வருவாள் என்று எதை வைத்து நம்புவது?

தட்டம்மை பரவாமலிருக்க 95 சதவீதக் குழந்தைகளுக்கு இரண்டு ஊசியும் போய்ச்சேர வேண்டும். 2024-ல் உலக அளவில் முதல் ஊசி 84, இரண்டாவது 76 சதவீதம். மறுப்பவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். வாசல்வரை வந்து திரும்பியவர்களும் 95-க்கும் இதற்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: 'ஜீரோ டோஸ்' குழந்தை என்றால் யார்?

பதில்: முத்தடுப்பு மருந்து அடங்கிய ஊசியில் முதல் டோஸ்கூடக் கிடைக்காத குழந்தை. 2024-ல் உலகில் 1 கோடியே 43 லட்சம் பேர். பாதிக்கு மேல் 9 நாடுகளில்: நைஜீரியா, இந்தியா, சூடான், காங்கோ ஜனநாயகக் குடியரசு, எத்தியோப்பியா, இந்தோனேசியா, யேமன், ஆப்கானிஸ்தான், அங்கோலா. சூடானிலும் யேமனிலும் போர் தடுக்கிறது. நம் ஊரில் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிடத்திலும் தங்கியிருக்கும் குடும்பங்கள் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போகின்றன. அப்படி ஒரு குடும்பம் பக்கத்தில் வந்திருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் ஊசி போடலாம். பதிவு இல்லாத டோஸைப் போடாததாகவே எடுத்துக்கொள்வார்கள், ஒன்று கூடுதலானாலும் கெடுதல் இல்லை.