கையேடு சொல்வது 5டபிள்யூ-30, நண்பர்கள் சொல்வது 10டபிள்யூ-60: ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில்?

கேள்வி: டர்போ பொருத்திய நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். கையேட்டில் 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஆயில் என்று போட்டிருக்கிறது. சில வார இறுதிகளில் ரேஸ் டிராக்கிலும் ஓட்டுகிறேன். "விரட்டி ஓட்டும் காருக்கு 10டபிள்யூ-60தான் பாதுகாப்பு" என்கிறார்கள் நண்பர்கள். எதை ஊற்றலாம்?

பதில்:

10டபிள்யூ-60 வேண்டாம். உங்கள் காருக்கு அது தேவைப்படும் நிலைமை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. வந்தாலும் அதற்கு மருந்து வேறு. அதற்காகக் கையேட்டின் முதல் வரியோடு நின்றுவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். என்னிடம் இருப்பதும் டர்போ கார்தான், அதுவும் டிராக்கைப் பார்க்கும் கார்தான். அதில் ஆயிலின் வெப்பநிலையைக் காட்டும் மீட்டரைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, கிரேடு பற்றிய சண்டைகளில் எனக்கு ஆர்வம் போய்விட்டது.

கிரேடைப் பற்றிப் பேசுமுன் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் ஓட்டும் விதத்தில் உங்கள் இன்ஜினின் ஆயில் எத்தனை டிகிரி வரை சூடாகிறது? கேனில் உள்ள எண்ணுக்கு வெப்பநிலையை விட்டுவிட்டால் பொருளே இல்லை. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே300 தரநிலைப்படி, கோட்டுக்குப் பின்னால் 30 என்று எழுதியிருந்தால் 100 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (அதை அளக்கும் அலகு) இருக்கும். 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 60 என்றால் 21.9 முதல் 26.1 வரை. 100 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொன்றும் நீர்த்துக்கொண்டே போகும். குறைந்தால் கெட்டியாகிக்கொண்டே போகும்.

எவ்வளவு என்பதுதான் சுவாரசியமானது. 100 டிகிரியில் 11 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும் ஒரு சராசரி 5டபிள்யூ-30ஐ எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 130 டிகிரியில் அது 6.3க்கு வந்துவிடுகிறது. 100 டிகிரியில் 13.5 இருக்கும் 5டபிள்யூ-40, ஏறத்தாழ 110 டிகிரியில் அதே 11க்கு இறங்குகிறது. அதாவது 30க்கும் 40க்கும் இடையில் இருப்பது வெறும் பத்து டிகிரி. ஆயில் பத்து டிகிரி கூடுதலாகச் சூடானால் ஒரு கிரேடை இழந்தீர்கள். பத்து டிகிரி குறைத்தால் ஒரு கிரேடு கூடியது. நல்ல ஆயில் கூலர் ஒன்று செய்யும் வேலையை கேனை மாற்றிச் செய்யப் பார்ப்பதுதான் பெரும்பாலான "கெட்டி ஆயில்" ஆலோசனைகளின் சாரம்.

10டபிள்யூ-60 எங்கே நிற்கிறது? 130 டிகிரியிலும் அது 12 சென்டிஸ்டோக்ஸ் அளவில், அதாவது 100 டிகிரியில் உங்கள் 5டபிள்யூ-30 இருப்பதைவிடச் சற்றுக் கெட்டியாகவே இருக்கும். அந்த வெப்பத்திலேயே மணிக்கணக்கில் உழைக்கும், பாகங்களுக்கு நடுவே அதற்கென்றே இடைவெளி வைத்துக் கட்டப்பட்ட இன்ஜினுக்கு அது பொருந்தும். சாலையில் 95, 100 டிகிரியில் ஓடும் இன்ஜினில் அதே ஆயில் 23 சென்டிஸ்டோக்ஸ் அளவில் நிற்கிறது. வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு.

அதனால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். பியரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் இடையில் ஆயில் ஓடுவதே இரண்டையும் பிரித்து வைப்பதற்கும், அங்கே பிறக்கும் சூட்டைச் சுமந்துகொண்டு வெளியேறுவதற்கும்தான். கெட்டி ஆயில் முதல் வேலையை நன்றாகச் செய்யும். இரண்டாவதில் பின்தங்கும், குறுகிய இடைவெளி வழியே குறைவாகப் பாயும், தானே உராய்ந்து கூடுதலாகச் சூடாகவும் செய்யும். இதில் பலரை ஏமாற்றுவது பிரஷர் மீட்டர். கெட்டி ஆயில் ஊற்றியதும் முள் மேலே ஏறும், ஓட்டுபவருக்கு நெஞ்சு நிறையும். ஆனால் பிரஷர் என்பது ஆயில் ஓட்டத்துக்கு இருக்கும் எதிர்ப்பைக் காட்டுவது. அது ஒரு வரம்பைத் தாண்டியதும் பம்பில் உள்ள ரிலீஃப் வால்வு திறந்து, இன்ஜினுக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். முள் உயரத்தில் நிற்கும்போதே பியரிங்குக்குக் குறைவான ஆயில் போய்க்கொண்டிருக்கலாம். வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பும் இதே ஆயிலின் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. ஆயில் கெட்டியானால் அது தாமதமாக அசையும், சில கார்களில் எச்சரிக்கை விளக்கே எரிந்துவிடும்.

இப்போது முன்னால் இருக்கும் எண். 0டபிள்யூ, 5டபிள்யூ என்றால் "தண்ணீர் போல இருக்கும்" என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிப்பது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் வைத்து, இன்ஜினைச் சுழற்ற முடிகிற அளவுக்கு அது இளகி இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். பனியே பார்க்காத ஊரில் இந்த எண்ணால் பெரிய வித்தியாசம் இல்லை. சூடான இன்ஜினுக்குள் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 இரண்டுமே 40தான்.

குளிர்ந்த ஆயில் நீர்த்துவிடும் என்று பயப்படுபவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன அதே சராசரி 5டபிள்யூ-30, 20 டிகிரியில் 165 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்கும். சூடான நிலையைப் போலப் பதினைந்து மடங்கு கெட்டி. 60 டிகிரிக்கு வந்த பிறகும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 10டபிள்யூ-60 என்றால் 20 டிகிரியில் 400ஐத் தாண்டிவிடும். காலையில் கிளப்பிய காரில் கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததும் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கூலன்ட் சீக்கிரம் சூடாகும். ஆயில் நிதானமாகத்தான் பின்னால் வரும். எந்த கிரேடு ஊற்றினாலும், ஆயில் 80 டிகிரியைத் தொடும்வரை ஆர்.பி.எம்.மைப் பாதிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கேனின் முன்பக்கத்தில் அச்சிடாத ஓர் எண்ணுக்கு வருகிறேன். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு தொழில்நுட்பச் சொல்லைச் சொல்லச் சொன்னால் எச்.டி.எச்.எஸ். (ஹை டெம்பரேச்சர் ஹை ஷியர்) என்பேன். 150 டிகிரியில், மிக வேகமாக நகரும் இரண்டு பரப்புகளுக்கு இடையில் ஆயிலை நசுக்கி இழுத்து அளக்கும் பாகுத்தன்மை இது. சாதாரணப் பாகுத்தன்மைச் சோதனையில் ஆயில் தன் எடையால் மெதுவாக வழிகிறது, 7,000 ஆர்.பி.எம்.மில் ராடு பியரிங்குக்குள் (பிஸ்டனின் தண்டு கிராங்க் ஷாஃப்ட்டோடு சேரும் இடம்) நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எச்.டி.எச்.எஸ். சோதனைதான் அந்த இடத்தை ஓரளவாவது ஒத்திருக்கிறது.

ஜே300 விதிப்படி ஒரு 30 கிரேடு ஆயிலுக்கு இந்த எண் 2.9 சென்டிபாய்ஸ் (இந்தச் சோதனையின் அலகு) இருந்தாலே போதும். ஆனால் ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர்களின் சங்கமான ஏ.சி.இ.ஏ. வகுத்த தரநிலையில் ஏ3/பி4 அல்லது சி3 என்று முத்திரை பெற வேண்டுமானால் குறைந்தது 3.5 வேண்டும். 5டபிள்யூ-40 ஆயிலுக்கு ஜே300 கேட்கும் குறைந்தபட்சமும் அதே 3.5தான். இதன் விளைவைக் கவனியுங்கள்: ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு 5டபிள்யூ-30 கேன்களில் ஒன்று எரிபொருள் சிக்கனத்துக்காக மெலிதாகச் செய்யப்பட்டதாக இருக்கும், மற்றது பியரிங்கைப் பொறுத்தவரை ஒரு 40க்கு அருகில் நிற்கும். முன்பக்கத்தை மட்டும் படிப்பவருக்கு இரண்டும் ஒன்று. அதனால்தான் கையேட்டில் கிரேடுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அங்கீகாரக் குறியீட்டை நான் கிரேடைவிட முக்கியமாக நினைக்கிறேன். போர்ஷேவின் ஏ40, பி.எம்.டபிள்யூ.வின் லாங்லைஃப்-01 போன்றவை அந்த வகை. அவற்றில் எச்.டி.எச்.எஸ்., ஆவியாதல், தேய்மானம், படிவு எல்லாம் சேர்ந்தே சோதிக்கப்பட்டிருக்கும்.

நண்பர்கள் 10டபிள்யூ-60ஐ எங்கிருந்து பிடித்தார்கள் என்பதை ஊகிக்க முடிகிறது. பி.எம்.டபிள்யூ. எம்3 (ஈ46) காரின் எஸ்54 இன்ஜின் முதலில் 5டபிள்யூ-30 ஆயிலோடு வந்தது. ஆரம்ப ஆண்டுகளில் ராடு பியரிங்குகள் பழுதாகின. நிறுவனம் அவற்றை மாற்றிக் கொடுத்ததோடு ஆயிலையும் 10டபிள்யூ-60 ஆக்கியது. அந்தக் கதை "கெட்டி ஆயில் இன்ஜினைக் காக்கும்" என்று சுருங்கி, ஊர் ஊராகப் பரவிவிட்டது. கதையின் அடுத்த அத்தியாயத்தை யாரும் சொல்வதில்லை. பின்னால் வந்த எம்3யின் எஸ்65 வி8 இன்ஜினுக்குத் தொடக்கத்திலிருந்தே 10டபிள்யூ-60தான். அதிலும் ராடு பியரிங் தேய்மானம் உரிமையாளர்களின் தீராத தலைவலியாக இருந்தது.

மறுபக்கம், நிசான் ஜி.டி.-ஆர் (ஆர்35) என்ற இரட்டை டர்போ அசுரன் 0டபிள்யூ-40இல் ஓடுகிறது. டொயோட்டா ஜி.ஆர்.86 காருக்கு 0டபிள்யூ-20. குதிரைத்திறனைப் பார்த்து ஆயில் கெட்டியை முடிவு செய்வது எவ்வளவு தவறு என்பதற்கு இவையே போதும். உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது ஏழாம் தலைமுறை செவ்ரலே கார்வெட். அதன் கையேடு சாலைக்கு 5டபிள்யூ-30, டிராக்குக்கு 15டபிள்யூ-50, முடிந்ததும் திரும்ப 5டபிள்யூ-30 என்றது. வார இறுதிக்கு ஒருமுறை ஆயிலை வடித்து மாற்றிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? 2019 மாடலில் இரண்டையும் தூக்கிவிட்டு ஒரே 0டபிள்யூ-40ஐக் கொண்டுவந்தார்கள். ஒரே கார் இரண்டு வேலையும் செய்ய வேண்டுமென்றால் அந்தத் தீர்வு எனக்கு நியாயமாகப் படுகிறது.

டர்போவும் நேரடி எரிபொருள் பீய்ச்சலும் சேர்ந்த இன்ஜின் என்றால் இன்னும் இரண்டு விஷயங்கள். குறுந்தூர ஓட்டங்களில் பெட்ரோல் சிறிது சிறிதாக ஆயிலில் கலக்கும். கேனில் 30 என்று இருந்தது சில மாதங்களில் 20க்கு அருகில் வந்திருக்கலாம். டிராக்குக்குப் போகுமுன் ஆயில் புதிதாக இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். அடுத்தது, குறைந்த வேகத்தில் அதிக லோடு கொடுக்கும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் சிக்கல். கால்சியம் மிகுந்த ஆயில்கள் அதைத் தூண்டுகின்றன. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2020இல் கொண்டுவந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரத்தில் அதற்கெனத் தனிச் சோதனை இருக்கிறது. "ரேஸிங்" என்று பெரிதாக எழுதிய கேன்கள் பலவற்றில் இந்த முத்திரையைத் தேடினாலும் கிடைக்காது.

எந்த பிராண்டு, எந்த வகை அடிப்படை ஆயில் (குரூப் 3, பி.ஏ.ஓ., எஸ்டர்) என்று இரவெல்லாம் வாதாடலாம். அங்கீகாரம் பெற்ற ஆயிலுக்குள் அந்த விவாதம் எனக்கு முக்கியமில்லை.

ஆக, உங்கள் காருக்கு நான் செய்வது இது. சாலைக்கு மட்டும் என்றால், கையேடு கேட்கும் அங்கீகாரம் உள்ள 5டபிள்யூ-30. அந்த அங்கீகாரத்துக்குள் எச்.டி.எச்.எஸ். 3.5 உள்ளது கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். டிராக் நாளில் ஆயில் வெப்பநிலையைக் கவனியுங்கள். காரில் மீட்டர் இல்லையென்றால் காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓ.பி.டி. கருவி வழியாகப் பல கார்களில் படிக்கலாம். 115 டிகிரியைத் தாண்டாவிட்டால் எதையும் மாற்ற வேண்டாம். 120ஐத் தாண்டி அங்கேயே நின்றால், கையேட்டின் மாற்று கிரேடு அட்டவணையில் 40 அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40க்குப் போங்கள். வாரன்டி இருக்கும்போது அட்டவணைக்கு வெளியே போக வேண்டாம். 130ஐத் தொட்டுவிட்டால் ஆயில் கடைக்குப் போகாமல், கூலர் பொருத்தும் மெக்கானிக்கிடம் போங்கள்.

ஒருமுறை டிராக் ஓட்டம் முடிந்து ஆயிலை மாற்றும்போது, வடித்ததில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். 100 டிகிரிப் பாகுத்தன்மை, கலந்துள்ள பெட்ரோல், இரும்பு, செம்பு, ஈயம் ஆகியவற்றின் அளவு அறிக்கையில் வரும். ஈயம், செம்பு போன்ற பியரிங் உலோகங்கள் ஏறாமல் இருந்தால், உங்கள் 5டபிள்யூ-30 பியரிங்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. அறிக்கையை நண்பர்களிடம் காட்டலாம். கடைசியாக, டிராக்குக்குக் கிளம்புமுன் ஆயில் அளவு மேல் கோட்டுக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள், அதைத் தாண்டாமல். நீண்ட வளைவில், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் ஒரு பக்கம் ஆயில் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் 30 என்ன, 60 என்ன, பியரிங்குக்கு எதுவும் போய்ச் சேராது.