கத்துக்குட்டி கத்துவதில்லை

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. படிப்பு முடித்து வந்து இரண்டு வாரமாக நானும் கொழுந்து பறிக்கிறேன். உடன் பறிக்கும் அக்காமார் என்னைக் ‘கத்துக்குட்டி’ என்கிறார்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தாயைத் தேடிக் கத்தும் ஆட்டுக்குட்டியா? திருப்பாவையின் ‘கற்றுக் கறவை’யில் கற்று என்றால் கன்றாமே, அப்படியென்றால் கன்றுக்குட்டியா? நடுவில் வரும் ‘க்’ அதைத்தானே காட்டுகிறது? விளையாட்டில் சொல்லும் ‘நூப்’ மாதிரிதானா இதுவும்? நான் கோபப்படலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நூப்பை விடுங்கள். ஆங்கிலத்து ‘நியூபி’ தேய்ந்து வந்தது அது. நம் சொல்லோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆட்டுக்குட்டியையும் ஓட்டிவிடுங்கள். கத்துகிற குட்டி என்றால் வினைத்தொகை. அதில் வலி மிகாது, அதாவது நடுவில் ‘க்’ வராது. ஊறுகாயை ஊறுக்காய் என்போமா? சுடுசோற்றைச் சுடுச்சோறு என்போமா?

கன்று யோசனைதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. கன்றும் ஆவும் சேர்ந்தால் கற்றா. ‘கற்றுக் கறவை’யும் அதே வழி. கெட்டிக்காரி. ஆனால் பாட்டை மட்டும் கேட்டீர்கள், பேச்சைக் கேட்கவில்லை. நம் வாயில் ‘ற்ற’ எப்போதும் ‘த்த’ ஆகும்: காற்று காத்து, நேற்று நேத்து, வெற்றிலை வெத்தலை. ‘ன்ற’ போகும் பாதை வேறு: ஒன்று ஒண்ணு, நின்று நின்னு, கன்று கன்னு. கற்று என்கிற கன்று செய்யுளிலேயே தங்கிவிட்டது. தொழுவத்துக்கு இறங்கி வரவில்லை. உங்கள் அக்காமாரே தொழுவத்தில் நிற்பதைக் கன்னுக்குட்டி என்பார்கள், உங்களைக் கத்துக்குட்டி என்பார்கள். ஒரே வாய், இரண்டு சொல். கத்து என்பதை எழுத்துக்கு ஏற்றினால் கற்று. ‘கல்’ என்னும் வினையின் எச்சம். பேரகராதியில் ‘கற்றுக்குட்டி’ என்றே தேடுங்கள்.

‘க்’ கன்றை நிரூபிக்காது. வன்தொடர்க் குற்றியலுகரமாக முடியும் எச்சத்தின் பின்னும் வலி மிகும்: கற்றுக் கொடுத்தாள், எடுத்துக் காட்டினாள். இவ்வளவு வாதாடும் நீங்கள் கடிதத்தில் ‘கத்துகுட்டி’ என்று எழுதியிருந்தீர்கள். நான்தான் திருத்தினேன்.

ஒரு முரண் மட்டும் மிச்சமிருக்கிறது. வினையெச்சம் வினையைத் தேடும்: கற்று வந்தாள், கற்று முடித்தாள். இங்கே வந்து நிற்பதோ குட்டி என்ற பெயர். ‘கற்கும் குட்டி’ என்றல்லவா இருக்க வேண்டும்? கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டி என்று நாக்கில் ஏற்கெனவே கிடந்த அச்சில் இதையும் வார்த்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு. ஆக, வாசலில் விரட்டிய உங்கள் கன்று கொல்லைப்புறமாக வந்துவிட்டது!

கோபம்? கற்கத் தொடங்கியவர், அரைகுறை என்று இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இரண்டாவதை ஊதிப் பெரிதாக்கியவை விளையாட்டுப் பக்கங்கள். ஒரு நாட்டின் அணியையே கூசாமல் ‘கத்துக்குட்டி அணி’ என்று அச்சடிக்கிறார்கள். அக்காமார் சொல்வது முதல் பொருளில். அதுவும் உங்கள் முகத்தைப் பார்த்தல்ல, கையைப் பார்த்து.

புதுக்கை எங்கே மாட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு இலை, ஒரு கொழுந்து என்று வாய் சொல்லும்; எடை கூட வேண்டுமென்று விரல் மூன்றாவது இலைக்கும் காம்புக்கும் இறங்கும். அந்தக் காம்பு நாராகத்தான் தூளில் வரும். நகத்தால் கிள்ளாதீர்கள், இழுக்காதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து வளைத்தால் இளந்தண்டு தானே ஒடியும், ஒடியாவிட்டால் முற்றியது. மொட்டு நீளாமல் உறங்கிக் கிடக்கும் பஞ்சியை வேண்டாமென்று செடியிலேயே விட்டால் அந்தக் கிளை அடுத்த சுற்றுக்குத் துளிர்க்கச் சுணங்கும். அதையும் ஒடித்துவிட வேண்டும். பெரிய தவறு இன்னொன்று: உள்ளங்கை பிதுங்கும்வரை இலையைச் சேர்த்து வைப்பது. கசங்கிய இலை சூடேறித் தொழிற்சாலைக்குப் போகுமுன்பே சிவந்துவிடும். கை நிறையும் முன்பே பின்னால் போடுங்கள். பை நிறைந்ததும் அழுத்தி இன்னும் நாலு பிடி திணிக்காமல், நிழலில் கொட்டி ஆற விடுங்கள்.